சின்னச் சத்தங்கள்

பெருநாள் ராவுல சந்தியில பொடியன்மார் பட்டாசு கொளுத்தினா எங்கட உம்மா இன்னும் திடுக்கிட்டு எழும்புவா. "சுனாமியையே தாங்கின ஆள், இதுக்கென்ன பயம்?" என்று நாங்க சிரிச்சிருக்கிறோம். அந்தச் சிரிப்பு பிழை என்று எங்களுக்கு விளங்கப்படுத்தினது உலோகங்களைப் பற்றின ஒரு வாசிப்பு.

உலோகக் கண்ணாடி என்று ஒன்று இருக்கு. அதுக்குள்ளால பார்க்க ஏலாது. உருகிய உலோகக் கலவையை, அணுக்கள் ஒழுங்காக அடுங்க முந்தியே குளிரவைத்தால், கண்ணாடியைப் போல ஒழுங்கில்லாமலே உறைந்துவிடும். 1960இல் அமெரிக்காவின் கால்டெக்கில் போல் டுவேயின் குழு பொன்னும் சிலிக்கனும் சேர்ந்த கலவையில் இதைச் செய்தது. குளிர்ந்த வேகம் செக்கனுக்குப் பத்து இலட்சம் பாகை அளவு. உடுப்புக்கடைகளில் களவைத் தடுக்கக் கொழுவுகிற சில வில்லைகளுக்குள் இருக்கிற மெல்லிய தகடும் இந்த இனம்தான்.

பாரம் ஏறினால் உலோகத்துக்குள் சறுக்கலும் வெடிப்பும் நடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அதிர்வு கிளம்பும். பெரும்பாலும் அது காதுக்கு எட்டாது. மேலே ஒட்டிய உணரிதான் கேட்கும். 1950இல் ஜெர்மனியின் ஜோசப் கைசர் ஒன்றைக் கண்டார்: ஒருக்கா தாங்கின பாரத்தைத் திரும்ப ஏற்றினால் உலோகம் சத்தம் போடாது, பழைய அளவைத் தாண்டினால்தான் போடும். நாங்க உம்மாக்கிட்ட எதிர்பார்த்ததும் இதைத்தானே?

ஆனா உள்ளுக்குப் பழுதான பொருள் அப்படியில்ல. முந்தித் தாங்கினதை விடக் குறைந்த பாரத்துக்கே சத்தம் போடும். பொறியியலாளர்கள் அதைப் பழுதின் அடையாளமாகத்தான் எடுப்பார்கள். உலோகக் கண்ணாடிகளில் சிலது ஒரே தடவையில் பெரிய பாரத்தைத் தாங்கும். அதில் ஒரு சிறு பங்கைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் உடைஞ்சிடும். வெடிப்பை மறிக்க உள்ளே பளிங்கு மணிகளின் எல்லைகள் இல்லை.

சாய்ந்தமருதுக்கு 2004 டிசம்பர் 26 கடல் வந்தது. 2019 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை, ஊருக்குள்ளேயே குண்டு வெடிச்சது. அதுக்குப் பிறகு சோதனைகள், சந்தேகப் பார்வைகள், பஸ்ஸில ஒதுங்கி இருக்கிற ஆக்கள். எல்லாம் சின்னச் சின்னப் பாரங்கள். அதுகளை நாங்க எண்ணவே இல்ல.

போன பெருநாள் ராவு பட்டாசு கேட்டதும் நாங்க சிரிக்கல்ல. போய் உம்மாட பக்கத்துல இருந்தோம்.

"அண்டைக்கும் முதல்ல இப்படித்தான் ஒரு சத்தம்" என்றா.

எண்டைக்கு என்று நாங்க கேட்கல்ல. அவ சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு இருந்தோம்.