வேட்டைக்கும் வீட்டுக்கும் ஒரு நாய்

நாய் வளர்க்க விரும்புவோர் பலர். தம் வீட்டுக்கு எந்த நாய் பொருந்தும் என்று ஆராய்ந்து வளர்ப்போர் மிகச் சிலர். அழகைக் கண்டு மயங்கி வாங்குவோரும், பெயரைக் கேட்டு வாங்குவோரும், அயலவர் வைத்திருக்கின்றார் என்பதற்காக வாங்குவோருமே மிகுதி. இந்நிலையில், வேட்டைக்கும் உதவ வேண்டும், வீட்டிலும் இணங்கி வாழ வேண்டும் என்னும் இரு நிபந்தனைகளோடு நாய் தேடப் புகுந்தவர் படும் பாட்டை மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நேரிற் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

எமது இல்லாளின் தமையனார் இங்கிலாந்திலே, நோர்பொக் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தில் வைத்தியராக இருக்கின்றார். அந்நாட்டில் ஒக்டோபர் முதலாந் திகதி தொடங்கி பெப்ரவரி முதலாந் திகதி வரை ‘பெசன்ற்’ எனப்படும் நீண்ட வாலுடைய காட்டுக்கோழியினத்தைச் சுடும் காலம். தம்மிடம் மருந்து வாங்க வரும் கமக்காரருடன் பழகிப் பழகி, மைத்துனரும் முறைப்படி அனுமதிப்பத்திரம் பெற்று ஒரு துவக்கும் வாங்கிவிட்டார். துவக்கு வந்தபின் நாயும் வரவேண்டுமன்றோ? “மச்சான், நீர் விலங்கியல் படிப்பிக்கின்றவர், எந்தச் சாதி நாய் நல்லதென்று நீர்தான் சொல்ல வேண்டும்” என்று எழுதினார். அவ்வாண்டு ஓகஸ்ட் விடுமுறைக்கு அங்கு செல்ல இருந்தபடியால், நேரில் ஆராய்வோம் என மறுமொழி அனுப்பினோம்.

அங்கே சென்றபோது வீடு இரு கட்சியாகப் பிரிந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் தந்தையின் கட்சி. எதிர்க்கட்சியில் இருந்தவர் எமது மாமியார். மாமனார் காலஞ்சென்ற பின் மகனோடு வாழ வந்த அவர், “நாய் இந்த வீட்டுக்குள் வந்தால் நான் ஊருக்குப் போகிறேன்” என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். ஊரிலே பூட்டிக் கிடக்கும் வீட்டில் எழுபத்தொரு வயதில் தனித்திருக்க அவர் துணிந்துவிடுவாரோ என்று எல்லோரும் அஞ்சினர். ஆதலின் இது வெறும் நாய்ப் பிரச்சினையாக எமக்குத் தோன்றவில்லை.

எமது நிலையையும் இங்கு கூறிவிடுதல் முறை. நாம் புலால் உண்பதில்லை. பொழுதுபோக்குக்காக உயிரைச் சுடுவதில் எமக்கு உடன்பாடும் இல்லை. இதனை மைத்துனரிடம் மறைக்கவுமில்லை. ஆயினும் அவர் எம்மைக் கேட்டது துவக்கைப் பற்றியன்று, நாயைப் பற்றியே. கேட்டதற்கு நேர்மையாக விடை கூறுவது எமது கடனாயிற்று.

துவக்குடன் தொழில் செய்யும் நாய்களை ஆங்கிலேயர் அவற்றின் வேலையைக் கொண்டே வகுத்தனர். பொயின்ரர், செற்றர் என்பன பறவையின் வாடையை மோப்பம் பிடித்ததும் அசையாது நின்று இடத்தைக் காட்டுவன. ஸ்பானியல் வகைகள் முட்புதருக்குள் நுழைந்து பறவையை எழுப்புவன. றிற்றீவர் வகைகள் வீழ்ந்த பறவையைத் தேடி எடுத்து வந்து கையிற் கொடுப்பன. ஐரோப்பாக் கண்டத்தவரோ இம்மூன்று வேலையையும் ஒரு நாயே செய்ய வேண்டுமென விரும்பினர். ஜேர்மனியரின் குறுமயிர்ப் பொயின்ரரும், ஹங்கேரியரின் விஸ்லாவும் அவ்வாறு உருவானவை.

கேட்பதற்கு, மூன்று வேலையும் செய்யும் நாயே சிறந்ததெனத் தோன்றும். மைத்துனரும் முதலில் விஸ்லாவையே விரும்பினார். ஆனால் பரந்த வெளியில் நாள் முழுதும் ஓடுவதற்கென உருவாக்கப்பட்ட உடல், ஓட இடமில்லாத நாளிலும் அவ்வோட்டத்தைக் கேட்கும். அதற்கு வேலை கொடாவிடின் அது தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். அவ்வேலை பெரும்பாலும் கதிரையின் காலைக் கடிப்பதாகவோ, தோட்டத்தைக் கிண்டுவதாகவோ முடியும்.

ஆகவே நாம் ஒரு கடதாசியை எடுத்துக் கணக்கொன்று போட்டோம். வேட்டைக்காலம் ஏறக்குறைய பதினேழு வாரம். மைத்துனர் ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் மாத்திரமே செல்லக் கூடியவர்; அதிலும் சில நாள் மழை, சில நாள் கடமை. எப்படிக் கூட்டினாலும் ஆண்டுக்குப் பத்து நாளுக்கு மேல் வரவில்லை. எஞ்சிய 355 நாளும் நாய்க்கு வீடே உலகம். அவ்வீட்டிலோ காலை எட்டு மணிக்கு மைத்துனரும் அவர் மனைவியும் தொழிலுக்கும், பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட்டால், மாலைவரை இருப்பவர் மாமி ஒருவரே. நாய் எவருடையது என்னும் கேள்விக்குக் கணக்கே விடை கூறிவிட்டது. கடதாசியைப் பார்த்த மைத்துனர் நெடுநேரம் பேசவில்லை.

மாமியுடன் அமர்ந்து பேசினோம். அவர் தடை இரண்டு. முதலாவது, நாய்க்குரிய இடம் படலையடி என்பது. “வைரவரின் வாகனந்தான், இல்லையென்று சொல்லவில்லை, வாகனம் வாசலில் நிற்க வேண்டும், தம்பி” என்றார். இரண்டாவது, உயிரைக் கொல்லும் பிராணியோடு ஒரே கூரையின் கீழ் எவ்வாறு இருப்பது என்பது. பெசன்ற் பறவை மயிலுக்கு உறவு என்று பேரன் பாடப்புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து முருகனின் பழியும் மகன் தலையில் விழுமென்ற கவலை வேறு.

முதல் தடைக்கு வழி எளிது. சுவாமி அறையின் வாசலில் ஒரு சிறு தடுப்புக் கதவு. சமையலறையின் ஒரு மூலை நாய்க்கு. குட்டிப் பருவத்தில் எல்லையைப் பழக்கினால் நாய் அதனைக் கற்றுக்கொள்ளும். இரண்டாவது தடைக்கு நாம் கூறியது இது: றிற்றீவர் கொல்லும் நாயன்று. வீழ்ந்த பறவையைப் பற்களாற் சிதைக்காமல் மெல்லக் கவ்வி வருவதே அதன் கல்வி. கண்முன்னே பறவை எழுந்தாலும், வெடி கேட்டாலும், ஏவும் வரை இருந்த இடத்தில் இருப்பது அடுத்த பாடம். விரும்பியெடுத்த பொருளைக் கேட்டவுடன் விட்டுக் கொடுப்பது மூன்றாவது. அடிபட்டு வேலிக்குள் விழுந்த பறவையைத் தேடிக் கண்டுபிடிக்க நாயில்லையெனில், அது நாட்கணக்கில் அங்கே துடித்துக் கிடக்கவும் கூடும்.

மாமி சிறிது யோசித்தார். “சுடுகிறவன் என் பிள்ளை. பழியை நாயின்மேல் ஏன் போடுவான்?” என்றார். அருகில் நின்ற மைத்துனர் தலை குனிந்தார். எனினும், வரும் நாய் தம்மோடும் இருக்க வேண்டியதாகையால் அதனைத் தாமும் பார்க்க வேண்டும் என்று அன்று மாமி இணங்கினார்.

அதன்பின் எமது ஆராய்ச்சி இனத்தை நாடிச் சென்றது. கோல்டன் றிற்றீவரின் வரலாறு மாணவர் அறியத்தக்கது. 1868 ஆம் ஆண்டில், ஸ்கொத்லாந்தின் கிசகன் என்னுமிடத்தில், பின்னாளில் றுவீட்மௌத் பிரபு ஆன செல்வர், ‘நவுஸ்’ என்னும் மஞ்சள் நிற நாயையும் ‘பெல்’ என்னும் நீர் ஸ்பானியலையும் சேர்த்துப் பெற்ற குட்டிகளிலிருந்து இவ்வினத்தை வளர்த்தார். பின்வந்தோரோ ருஷ்ய சர்க்கஸ் நாய்களிலிருந்து இவை வந்தன என்று கதை கட்டினர். பிரபு தம் கையால் எழுதிவைத்த பதிவேட்டின் விபரம் 1952 இல் வெளியான பின்னரே உண்மை விளங்கிற்று. இந்நாய் சாந்த குணமும் அன்பும் உடையது. ஆனால் அதன் நீண்ட உரோமம் கோலமிட்ட தரையெங்கும் உதிரும். சேற்றில் இறங்கி வந்தால் உலர்த்துவதற்கே ஒரு மணி நேரம் வேண்டும்.

ஸ்பிறிங்கர், கொக்கர் என்னும் ஸ்பானியல்கள் ஒரு காலத்தில் ஒரே ஈற்றுக் குட்டிகளாகவும் இருந்தன. பெரியது ஸ்பிறிங்கர், சிறியது கொக்கர் என நிறையைக் கொண்டே பிரித்தனர். நிறை குறைந்தமையால் கொக்கர் மாமிக்கு ஏற்றதாகலாம் என எண்ணினோம். வேட்டைப் பரம்பரைக் கொக்கர் வளர்க்கும் ஒருவரின் வீட்டுக்கும் சென்றோம். தாய் நாய் நாம் இருந்த அரைமணி நேரமும் ஒரு கணந்தானும் ஓரிடத்தில் நிற்கவில்லை. வளர்ப்பவர் நேர்மையானவர், “நாள்தோறும் வேலை கொடுக்க முடியாவிட்டால் இதனை வாங்க வேண்டாம்” என்று தாமே கூறிவிட்டார்.

லபிறடோர் நாயின் முன்னோர் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரையில் மீனவரோடு நீரில் இறங்கி உழைத்தவை. குறுகிய அடர்ந்த உரோமம், நீரில் சுக்கான்போல் உதவும் தடித்த வால், மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் விருப்பம் ஆகியன அவ்வழி வந்தவை. இங்கிலாந்தின் கெனல் கழகம் 1903 இல் இதனைத் தனியினமாக ஏற்றது. இதற்கும் ஒரு குறையுண்டு, அது வயிறு. பசி தீர்ந்ததை மூளைக்கு உணர்த்தும் மரபணுவொன்று ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு லபிறடோர்களில் பழுதுபட்டிருப்பதை, கேம்பிறிட்ஜ் ஆய்வாளர் 2016 இல் கண்டறிந்தனர். எவ்வளவு கொடுத்தாலும் இன்னும் கேட்கும் நாய்க்கு, அளந்து கொடுக்கும் கை வேண்டும்.

இனத்தின் பெயர் பாதி விடையே. உலகின் முதல் நாய்க் கண்காட்சிகளுள் ஒன்று 1859 இல் நியூகாசில் நகரில், பொயின்ரர், செற்றர் நாய்களுக்கென்றே நடந்தது. வென்றோருக்குப் பரிசாகத் துவக்கே கொடுத்தனர். அன்று காட்சிக்கு வந்ததும் களத்தில் உழைத்ததும் ஒரே நாய். ஆறு ஆண்டுகளின் பின், 1865 இல், களத்தில் திறமையைச் சோதிக்கும் போட்டி தனியே தோன்றியது. காலப்போக்கில் அழகுக்கென ஒரு பரம்பரையும் வேலைக்கென ஒரு பரம்பரையும் பிரிந்தன. இன்று லபிறடோர் என்னும் ஒரே பெயரைத் தாங்கிய இரு குட்டிகள் குணத்தில் வெகுவாக வேறுபடலாம். ஆகையால் குட்டியைப் பார்க்குமுன் தாயைப் பார்த்தல் வேண்டும். பெற்ற நாய்களின் இடுப்பு மூட்டையும் கண்ணையும் சோதித்த சான்றிதழ்களைக் கேட்டல் வேண்டும். வணிகர் கையில் குட்டி வாங்குவதை 2020 தொடக்கம் இங்கிலாந்தின் சட்டமே தடுத்து, வளர்ப்பவரிடம் நேரே வாங்கச் சொல்கின்றது.

இறுதியில் ஒரு கமக்காரரின் வீட்டுக்குச் சென்றோம். அங்கிருந்த கறுப்பு லபிறடோர்த் தாய், வேட்டைக்காலத்தில் களத்துக்குச் செல்வது. நாம் சென்றபோது சமையலறை மேசையின் கீழ் படுத்திருந்தது. மாமி கதிரையில் அமர்ந்ததும் மெல்ல எழுந்து வந்து, அவர் சேலையை ஒருமுறை மோந்துவிட்டு, அருகே படுத்துக்கொண்டது. பிள்ளைகள் துள்ளிக் குதித்த குட்டியைத் தூக்கினர். மாமியோ சிறிது நேரம் எல்லாவற்றையும் பார்த்திருந்து, வந்தவரை நோக்கி வந்து பின் அமைதியாக உட்கார்ந்த ஒரு பெண் குட்டியைக் காட்டி, “இது போதும்” என்றார். எட்டு வாரம் நிறைந்ததும் அது வீடு வந்தது. பெயரிடும் உரிமையும் மாமிக்கே போயிற்று: கறுப்பி.

வேட்டை நாயை ஒரு வயதாகுமுன் களத்துக்குக் கொண்டு செல்வது நன்றன்று. ஆதலால் முதற் குளிர்காலம் முழுவதும் கறுப்பி மாமியுடனேயே இருந்தது. வெங்காயம் சேர்ந்த கறியும், முந்திரிகை வற்றல் கலந்த பொங்கலும் நாய்க்கு நஞ்சாகும் என்று கேட்ட நாள் முதல், அதன் உணவை மாமியே அளந்து வைத்தார். பிள்ளைகள் மேசையின் கீழ் நீட்டிய கைகளுக்கு அடியும் விழுந்ததாகக் கேள்வி. நாள்தோறும் ஒழுங்கைவழி நடக்கவும் தொடங்கினார். அதுவரை வாய்திறந்து பேசாத அயலவர் நாயைக் கண்டு நின்று பேச, மாமியின் ஆங்கிலமும் வளர்ந்தது.

மைத்துனர் பயிற்சி கொடுக்க முற்பட்டபோது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. கறுப்பி ஆங்கிலக் கட்டளையைக் காதிற் போடவில்லை. “இரு” என்றால் இருந்தது. “வா” என்றால் வந்தது. “தா” என்றால் வாயிலிருந்ததைக் கையில் வைத்தது. அடுத்த பருவத்தில் நோர்பொக் வயல்வெளியில், கமக்காரர் நடுவே நின்று, மைத்துனர் “இரு, கறுப்பி, இரு” என்று கூவ வேண்டியதாயிற்று. இப்பொழுது அவர்களுள் இருவருக்கும் அச்சொல் தெரியுமாம்.

மைத்துனர் இன்னும் வேட்டைக்குப் போகின்றார். எமக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை. மாமியும் எத்தனை பறவை வீழ்ந்தது என்று கேட்பதில்லை. நாயின் காது நனைந்திருக்கின்றதா என்றே பார்க்கின்றாராம். ஊருக்குப் போகும் பேச்சு அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் சென்ற தைப்பொங்கலன்று தொலைபேசியில் பேசியபோது, “வரத்தான் ஆசை, இதை யாரோடு விட்டுவிட்டு வாறது?” என்றார்.

லபிறடோர்க் குட்டி வாங்க விரும்பும் எமது மாணவர் சிலர் இங்கும் எம்மிடம் யோசனை கேட்பதுண்டு. நிறத்தையும் விலையையும் பற்றியே அவர்கள் முதலிற் பேசுவர். நாம் அவர்களிடம் முதலிற் கேட்பது, பகலில் உமது வீட்டில் இருப்பவர் யார் என்பதையே. அப்பாட்டியோ அம்மாவோ என்று விடை வந்தால், அவரையும் அழைத்துக்கொண்டு போய்க் குட்டியின் தாயைப் பார்த்து வாரும் என்று சொல்லி அனுப்புகின்றோம்.