குவேனியின் மூட்டைகள்

கற்பிட்டியில் ஒரு மண்டபம். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்கு விடுகிற மண்டபம்தான். யாருடைய கல்யாணத்துக்கோ கட்டிய காகிதப் பூ மேடையில் இன்னும் தொங்குகிறது. சுவரோரம் ஏழு படங்கள். வாசலில், பிளாஸ்டிக் கதிரையில், வரைந்த பெண். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். உடப்புப் பிள்ளையாம், முதல் கண்காட்சியாம். யார் வந்தாலும் எழுந்து நிற்கிறாள். யாரும் ஒன்றும் கேட்காமல் போகவே மறுபடி உட்கார்ந்துகொள்கிறாள்.

நானும் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

படங்களில் பெரும்பாலானவை குவேனி கதை. மகாவம்சம் சொல்கிற தம்பபண்ணிக் கரை இந்தப் பக்கம்தான் என்று நம்புகிறவர்கள் உண்டு. விஜயன் எழுநூறு பேரோடு வந்து இறங்குகிறான். மரத்தடியில் குவேனி என்ற யட்சிணி நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். அவனுடைய ஆட்களைப் பிடித்துவிட்டாள். ஆனால் தின்ன முடியவில்லை, அவர்கள் கையில் காப்பு நூல். அஜந்தாவின் 17ஆம் குகைச் சுவரிலும் இதற்கு உறவான கதை ஒன்று இருக்கிறது: ராட்சசிகளின் தீவில் கரை ஒதுங்கிய சிம்மளன், பிறகு படையோடு திரும்பி வருகிறான். அது வந்து இறங்கியவனின் பக்கத்திலிருந்து சொன்ன கதை. வரைந்தவளோ குவேனியோடு மரத்தடியில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறாள்.

முதல் படத்தில் அந்த ஆட்கள் கழுதைகள். சாரம் கட்டிய, கையில் நூல் கட்டிய கழுதைகள். மகாவம்சத்தில் இது இல்லை. வந்தவர்களை மிருகமாக்கியவள் கிரேக்கத்துச் சிர்க்கே, அவளும் பன்றிகளாகத்தான் ஆக்கினாள். ஆனால் கழுதைகள் தெருவில் சுற்றுகிற ஊரில் வேறெதை வரைவது? இரண்டு பையன்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "டேய், இது நம்ம சந்திக் கழுதைடா."

அடுத்தது குதிரைமலை. வில்பத்துக் காட்டின் கடலோரத்தில் அல்லி அரசாணி ஆண்டாள், முத்தைக் கொடுத்துக் குதிரை வாங்கினாள் என்று இந்தக் கரைக்கு ஒரு கதை உண்டு. படத்தில் அல்லி குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறாள். நல்ல யோசனை, குதிரைதான் சரியாக வரவில்லை.

வலைக்காரர் ஒருவர் சட்டைப் பித்தான் போடாமல் வந்தார். நூல் நூற்கும் குவேனியின் முன் நின்றார். அவள் மடியில் பருத்தி இல்லை, நீல நைலோன். மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "இந்த நூல் கரைவலைக்குக் காணாது, தங்கச்சி" என்றார். அவள் தலையாட்டினாள். அவர் மற்ற ஆறு படங்களையும் பார்க்காமலே போனார்.

கடைசிப் படம் பெரியது. மதுரையிலிருந்து பாண்டியன் மகள் விஜயனுக்கு மனைவியாக வரப்போகிறாள். அதுவரை அவனோடு வாழ்ந்த குவேனிக்கு இனி வீட்டில் இடமில்லை. இரண்டு பிள்ளைகளோடு போகிறாள். மகாவம்சம் இந்த இடத்தைச் சில வரிகளில் முடித்துவிடும். வரைந்தவளோ ஒரு முழுச் சுவரைக் கொடுத்திருக்கிறாள். காடு இல்லை, புத்தளத்து உப்பு வாய்க்கால்கள், பாத்தி பாத்தியாக வெள்ளை. தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒன்று. மூத்த பிள்ளை திரும்பிப் பார்க்கிறது. முகங்களில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

கறுப்பு அபாயா போட்ட ஒரு வயதான பெண், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மற்றப் படங்களைக் கடந்து நேரே அங்கே போய் நின்றார். கழுதையைப் பார்க்கவேண்டும் என்று பேத்தி இழுத்தது. அவர் நகரவில்லை. வெகுநேரம் கழித்து, "இப்படித்தான் வந்த நாங்க" என்றார், பேத்திக்கா படத்துக்கா தெரியவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்ப் பக்கத்திலிருந்து வள்ளங்களில் வந்தவர்கள் பலர் இறங்கியது கற்பிட்டிக் கரையில்.

வரைந்த பெண் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள். அந்த வயதானவர் அவளைப் பார்க்காமலே படத்திலிருந்த சின்னப் பிள்ளையின் வெறுங்கையைக் காட்டினார்.

"தண்ணி ஒண்டும் குடுத்துவிடல்லயா மகள்?"

இவள் படத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "பெரிய போத்தலா உம்மா, சின்னதா?"

அவர் இரண்டு கைகளாலும் அளவு காட்டினார். ஒரு சாண்கூட இல்லை.