"12மாடு" என்பது எண்ணா?

"12மாடு" என்று ஒரு ஸ்ட்ரிங் வந்தால் அதில் எண் எது? 12 என்பீர்கள். லினக்ஸ் கெர்னலில் இருக்கும் பழைய ஃபங்ஷன் சிம்பிள்_ஸ்ட்ர்டூல். அதுவும் அதையேதான் சொல்லும். இலக்கம் இருக்கும்வரை படிக்கும், மாட்டைக் கண்டதும் நின்றுவிடும். வெறும் "மாடு" கொடுத்தால் 0 வரும். நிஜமாகவே 0 கொடுத்தவனுக்கும் அதே 0 தான்! எண் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தாலும் வாயே திறக்காது.

அதனால் என்ன என்கிறீர்களா? கெர்னலில் அந்த எண் ஒரு டிரைவரின் டைம்அவுட்டாகவோ பஃபர் அளவாகவோ போய் உட்கார்ந்துகொள்ளும். தப்பு எங்கே என்று பிறகு தேடுவது பெரும்பாடு.

2011-ல் வந்த 2.6.39 கெர்னலில் கேஸ்ட்ர்டூல் சேர்ந்தது. இது கறார் பேர்வழி. ஸ்ட்ரிங் முழுக்க எண்ணாக இல்லையா, பிழை. அளவு கொள்ளவில்லையா, அதற்குத் தனிப் பிழை. ஆனால் கடைசியில் ஒரே ஒரு நியூலைன் இருந்தால் மட்டும் மன்னிக்கும். சிஸ்எஃப்எஸ் ஃபைலுக்கு நாம் எக்கோ செய்யும்போது அதுதானே வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

அப்படியானால் பழையதைத் தூக்கிப் போடலாமா? கூடாது. பூட் ஆகும்போது நினைவக அளவை "512எம்" என்று கொடுக்கிறோம். அதைப் படிக்கும் மெம்பார்ஸ், பழைய குடும்பத்து ஃபங்ஷனைத்தான் கூப்பிடுகிறது. எண் எங்கே முடிந்தது என்று அது காட்டும்; அடுத்த எழுத்தைப் பார்த்து மெகாபைட் என்று இது கணக்குப் போடும்.

என் கட்சி இதுதான்: வாலில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறீர்களா, பழையது போதும். பார்க்கப் போவதில்லையா, கறார் பேர்வழியிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?