பன்றிக்கு எந்தத் தோட்டா

காட்டுப்பன்றி சுடுவோர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்ந்தவர்கள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கேட்பது, "அண்ணா, எந்தத் துப்பாக்கி நல்லதுங்க?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "தம்பி, உங்க வயல் எவ்வளவு அகலம்? வயலுக்கு அந்தப் பக்கம் யார் வீடு?" அந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் துப்பாக்கியும் தோட்டாவும் பெரும்பாலும் தாமாக முடிவாகிவிடும். தெரியாமல் வாங்கும் துப்பாக்கி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் பயனில்லை.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், நெல்லியாம்பதி மலையடிவாரம். முதலமடையில் மாந்தோப்பு, கொல்லங்கோட்டில் நெல், நெம்மாறைப் பக்கம் ரப்பர், எல்லா இடத்திலும் ஊடாக மரவள்ளி. மலையிலிருந்து இறங்கும் பன்றிக்கு இதில் எதுவும் விலக்கல்ல. மரவள்ளிக் கிழங்கை ஒரு குடும்பப் பன்றிகள் ஒரே இரவில் பாத்தி பாத்தியாகப் புரட்டிவிடும். விடிந்து பார்த்தால் செடிகள் வேர் மேலாகக் கிடக்கும், தின்றதைவிட மிதித்தது அதிகமாக இருக்கும்.

காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற விலங்கு. அதைத் தீங்குயிரி என்று அறிவிக்கக் கேரளம் கேட்டு மத்திய அரசு ஒப்பவில்லை. ஆகவே 2022 மே மாதம் மாநில அரசு வேறு வழி எடுத்தது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்கும் நகராட்சித் தலைவர்களுக்கும் கொடுத்தது. உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்கள் மட்டுமே சுடலாம். விஷம், வெடி, மின்கம்பி மூன்றுக்கும் தடை. 2020 மே மாதம் மண்ணார்க்காட்டுப் பக்கம் வெள்ளியாற்றில் நின்றபடி இறந்துபோன கர்ப்பிணி யானையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெடி வைத்த காய் அதன் வாயைக் கிழித்திருந்தது. பன்றிக்கு வைக்கிற வெடிக்கு யானை, பன்றி என்ற வேற்றுமை தெரியாது. சுடுகிறவனுக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் இந்த வேலைக்குத் துப்பாக்கி வேண்டியிருக்கிறது.

கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கதை வேறு. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த முடிவுப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுடலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள உறவினர்கள் கூப்பிட்டாலும் நான் துப்பாக்கியோடு போக முடியாது.

இனி ஆயுதம். நம் நாட்டில் சாமானியனுக்குக் கிடைப்பது இரண்டு: இச்சாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைபிள், பன்னிரண்டு போர் குழல் துப்பாக்கி. இளைஞர்களுக்கு .315 மேல் கண். கனத்த ஒற்றைக் குண்டு, நேராகப் போகும், பன்றியைக் கிடத்தும் வலு தாராளம். ஆனால் அந்தக் குண்டு பன்றியைத் துளைத்த பிறகும் பயணம் செய்யும், தவறினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பன்றிக்கு .223, .308 ரைபிள்களை எடுக்கிறார்கள், 2011இல் சட்டம் போட்டு ஹெலிகாப்டரிலிருந்து சுடவும் அனுமதித்தார்கள். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பண்ணை நிலம். கேரளத்தில் எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு வீட்டின் விளக்கு தெரியும். ரப்பர்த் தோட்டங்களில் வெள்ளாப்பில், விடியும் முன்பே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர்கள் வந்துவிடுவார்கள். பன்றி வயலை விட்டுக் காட்டுக்குத் திரும்பும் நேரமும் அதுதான். இந்த ஊரில் ரைபிளின் நீண்ட வீச்சு எனக்குப் பயத்தைத்தான் தருகிறது. பன்னிரண்டு போரின் குட்டை வீச்சைக் குறை என்று சொல்பவர்களிடம், அதற்காகவே அதை வைத்திருக்கிறேன் என்பேன்.

அப்பாரு விட்டுச்சென்ற இரட்டைக்குழல்தான் என்னுடையது. அருகருகே குழல், இரண்டு விசை. முன்விசை வலக்குழலுக்கு, பின்விசை இடக்குழலுக்கு. வலக்குழலின் வாய் சற்றுத் திறந்தது, இடக்குழல் முழுச் சோக், அதாவது நுனி நெருக்கமாகக் குறுகியது. ஐந்து தோட்டா போடுகிற பம்ப் துப்பாக்கி வேண்டாமா என்று கேட்கிறார்கள். ஐந்து தோட்டா இருந்தால் மூன்றாவதைப் பன்றி ஓடும்போது சுடத் தோன்றும். இருட்டில் ஓடும் பன்றியைச் சுடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தோட்டாவுக்கு வரும் முன் பன்றியின் உடம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். மானைச் சுட்டுப் பழகிய பழைய தலைமுறைக்கு முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் நடுவில் சுடுகிற பழக்கம் இருந்தது. பன்றியில் அங்கே சுட்டால் வயிறும் ஈரலும்தான் கிடைக்கும். அதன் இதயமும் நுரையீரலும் முன்காலோடு ஒட்டி, தாழ, மார்பின் அடி மூன்றில் ஒரு பங்கில் இருக்கின்றன. முதுகின் மேல்பகுதி வெறும் எலும்பு முள்ளும் கொழுப்பும் பிடரி மயிரும். முதுகுத்தண்டு நாம் நினைப்பதைவிடக் கீழே வளைந்து ஓடுகிறது. உயரச் சுட்டால் பன்றி விழுந்து எழுந்து ஓடிவிடும். முதிர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டையின் மேல் ஒரு தடித்த தசைநார்ப் பட்டை உண்டு. கொம்பன்கள் தமக்குள் தந்தத்தால் இடித்துக்கொள்ளும்போது காக்கிற கவசம் அது. உரித்த பன்றியில் கத்தி வைத்துப் பார்த்தவர்கள் அதன் தடிப்பைச் சொல்வார்கள், கத்தியே தயங்கும். அதற்கு மேல் சேற்றில் புரண்டு காய்ந்த மண் பூச்சு வேறு.

சேற்றைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர் சேறு அப்பிய ஒரு பெரிய மூஸ் மானைச் சுட்டார். வலுவான மாக்னம் ரைபிள்தான். குண்டு உள்ளே போகாமல் மேலேயே சிதைந்தது. அந்த ஆத்திரத்தில் அவர் நடுவில் செம்புத் தடுப்பு வைத்த குண்டைத் தாமே உருவாக்கினார். முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உடையாமல் உள்ளே போகும். பார்ட்டிஷன் என்ற பெயரில் அது இன்றும் விற்கிறது. மாக்னம் ரைபிள் குண்டுக்கே இந்தக் கதி என்றால் குருவி ரவைக்கு என்ன கதி என்று பார்த்துக்கொள்ளலாம்.

4ஆம் எண் ரவை ஒன்று கால் கிராம்கூட இல்லை. பி.பி. ரவை அரைக் கிராமுக்குக் கீழே. அதைப் பன்றி மேல் சுடுவது கொடுமை. தோலுக்கடியில் தங்கிச் சீழ் பிடிக்கும், பன்றி பல நாள் கழித்து எங்கோ கிடந்து சாகும். எஸ்.ஜி. ரவை 8.4 மி.மீ. குறுக்களவு, ஏறக்குறைய மூன்றரை கிராம். எல்.ஜி. 9.1 மி.மீ., நாலரைக்குச் சற்றுக் குறைவு. பன்றிக்கு ரவை என்றால் இந்த இரண்டும்தான், அவையும் கிட்டத்தில் மட்டும். ஒற்றைக் குண்டுத் தோட்டாவில் சுமார் 28 கிராம் ஈயம் ஒரே கட்டியாக வருகிறது. கவசமும் சேறும் அதை நிறுத்துவதில்லை.

ஆனால் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பிப் பரணில் ஏறக் கூடாது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குணம் உண்டு, அதைத் தாளில்தான் பார்க்க முடியும். ரைபிள் கிளப் திடலில் பெரிய செய்தித்தாள் விரித்து, நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம் போடுவேன். பன்றியின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் அவ்வளவுதான். பிறகு 15 மீட்டர், 25 மீட்டர், 35 மீட்டர் என்று பின்னால் போய்ச் சுட்டு, ஒவ்வொரு தாளிலும் குழலின் பெயரும் தோட்டாவின் பெயரும் எழுதி எடுத்து வைப்பேன். என் இடக்குழலில் 15 மீட்டரில் எல்.ஜி. ரவை முழுக்க வட்டத்துக்குள் நிற்கிறது. 25 மீட்டரில் பாதி வெளியே போகிறது. 35இல் வட்டத்துக்குள் ஒன்றோ இரண்டோதான். வெளியே போன ஒவ்வொரு ரவையும் வயிற்றிலோ தொடையிலோ தங்கும் ரவை. அந்தத் தாளைப் பார்த்த பிறகு எல்.ஜி.யை 20 மீட்டருக்கு மேல் நினைக்கவே மனம் வராது. எஸ்.ஜி.யில் ரவை எண்ணிக்கை கூடுதல் என்று சிலர் விரும்புகிறார்கள். என் குழலில் அது இன்னும் அகலமாகச் சிதறுகிறது, ஆகவே விட்டுவிட்டேன். வேறொருவர் குழலில் அதுவே நன்றாக இருக்கலாம்.

ஒற்றைக் குண்டிலும் சூது இருக்கிறது. இரட்டைக்குழல்கள் ரவைக்காக ஒட்டப்பட்டவை. ஒற்றைக் குண்டு போட்டால் வலக்குழல் ஒரு பக்கமும் இடக்குழல் இன்னொரு பக்கமும் அடிக்கலாம். எனவே இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். முழுச் சோக் குழலில், குறிப்பாகப் பழைய துப்பாக்கிகளில், குழல் வாயைவிடப் பெரிய உருண்டைக் குண்டைத் திணித்தால் நுனி வீங்கும், வெடிக்கவும் செய்யும். திறந்த வாய் வலக்குழலுக்குத்தான் நான் ஒற்றைக் குண்டைப் போடுகிறேன். 25 மீட்டரில் அது வட்டத்தின் நடுவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இடக்குழலுக்கு எல்.ஜி.தான். முன்விசை முதல் வெடிக்கு. விழுந்த பன்றி எழ முயன்றால், கிட்டத்தில், பின்விசை.

பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று தோட்டா அறையின் நீளம். அந்தக் காலத்து அறைகள் 65 மி.மீ., இப்போது கடையில் வருவதில் 70 மி.மீ. தோட்டாவும் உண்டு. 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள் சிரமமில்லாமல் போய் உட்கார்ந்துவிடும். ஏமாற்றுவது அதுதான். அந்த அளவு சுட்ட பின் விரிந்த கூட்டின் நீளம். மடித்த வாயோடு இருக்கும்போது அது குட்டை. சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகலுக்குள் போய் நெருக்கும், அழுத்தம் ஏறும், பழைய குழல் தாங்காது. அறையின் நீளம் குழலின் அடியில் முத்திரையாகப் பொறித்திருக்கும். தெரியாவிட்டால் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் அளக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் சுடாதீர்கள்.

மழையும் ஒரு கணக்கு. இடவப்பாதி மழை தொடங்கினால் இங்கே துணி காய்வதற்கே நாள் பிடிக்கும். காகிதக் கூட்டுத் தோட்டா ஈரத்தில் ஊதி அறைக்குள் போகாது, போனால் சுட்டபின் வராது. நான் பிளாஸ்டிக் கூடுதான் வாங்குகிறேன். அடிப்பித்தளையில் பச்சை பூத்ததை ஒதுக்கிவிடுகிறேன். உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க முடியாது என்பதால் ஒன்றை ஒதுக்குவது மனதுக்குக் கஷ்டம்தான். பரண் மேல் உட்கார்ந்து, பன்றி கீழே நிற்கும்போது விசையை இழுத்தும் தோட்டா வெடிக்காமல் போவது அதைவிடக் கஷ்டம்.

பரண் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. மேலிருந்து சுட்ட குண்டு பன்றியைத் துளைத்தாலும் மண்ணுக்குள் போகிறது. தரையில் நின்று சுட்டது செம்பாறையில் பட்டு எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒற்றைக் குண்டு போடுகிறவனுக்குப் பரண்தான் பாதி ஆயுதம். மேலிருந்து சுடும்போது குறியைச் சற்று உயர்த்திப் பிடிக்க வேண்டும், குண்டு சரிந்து இறங்கி மார்பைத் தொடும்.

விளக்கு அடித்தால் எதைப் பார்க்கிறோம் என்பதை அப்பாரு ஒரே வரியில் சொல்லித் தந்தார்: "கண்ணு மின்னுச்சுன்னா அது பன்னி இல்லடா, கைய எடு." மாட்டுக்கும் மானுக்கும் நாய்க்கும் மரநாய்க்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. பன்றிக்கு அது கிடையாது. விளக்கில் கறுத்த உடம்பு தெரியும், கண் அநேகமாகத் தெரியாது. மின்னும் இரண்டு புள்ளி பார்த்துச் சுடுகிறவன் பக்கத்து வீட்டுப் பசுவைத்தான் சுடுவான். கண் மின்னவில்லை என்பதும் போதாது. மனிதனுக்கும் அந்தப் படலம் இல்லை. முழு உடம்பும், முகத்தின் நீளமும், பின்னால் குட்டி இருக்கிறதா என்பதும் தெரிந்த பிறகே விரல் விசைக்குப் போகலாம். பால் கொடுக்கும் தாய் என்று தெரிந்தால் நான் சுடுவதில்லை.

அடிபட்டும் விழாமல் போன பன்றியை அந்த இரவே தேடி முடிக்க வேண்டும். கொழுப்பும் தடித்த தோலும் காயத்தை அடைத்துவிடுவதால் ரத்தத்தடம் குறைவாகவே இருக்கும். விட்டுவிட்டு வந்தால் விடியற்காலையில் அதன் முன்னால் போய் நிற்பவர் பால் வெட்டும் ஒருவராக இருப்பார். தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது என் மனதில் நிற்கிற முகம் அவருடையது. செத்த பன்றியைத் தின்ன அனுமதியில்லை, ஆழமாகப் புதைக்க வேண்டும். 2022இல் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்ததிலிருந்து, பண்ணைப் பன்றி வளர்ப்பவர்களை நினைத்து, நான் கையுறை இல்லாமல் தொடுவதில்லை.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். 2024 ஏப்ரல் 26 வாக்குப்பதிவுக்காக எங்கள் துப்பாக்கிகள் நிலையத்து அறையில் இருந்தபோது முதலமடையில் மாம்பழம் உதிரும் பருவம். பன்றிகளுக்குக் கொண்டாட்டம், தோட்டக்காரர்களுக்குக் கையறு நிலை. பட்டியலில் உள்ளவர்களுக்கு விலக்கு தர வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைவிட முக்கியமாக நான் கேட்பது வேறொன்று. இன்று பட்டியலில் சேர உரிமம் இருந்தால் போதும் என்கிற நிலை. சேரும் முன் ஒவ்வொருவரும் தம் துப்பாக்கியோடும் தம் தோட்டாவோடும் ரைபிள் கிளப்புக்கு வந்து, அந்த வட்டம் போட்ட தாளில் 15 மீட்டரிலும் 25 மீட்டரிலும் சுட்டுக் காட்டட்டும். அதற்கான தோட்டாவை அரசு கொடுக்கட்டும். தாளை ஊராட்சிக் கோப்பில் வைத்து, எந்தத் தூரம் வரை இவர் சுடலாம் என்று உத்தரவிலேயே எழுதட்டும்.