காணவில்லை என்றொரு புகார்

"சாதி ஒழிப்பு வேலைக்கே நாள் போதவில்லை, இதில் இது வேறயா தோழர்?"

மதுரையில் மாணவர் கூட்டங்களில் பால்புதுமையினர் உரிமை பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர்கள் எதிரிகள் அல்ல. ஜூன் 30 அன்று மேலவளவு போராளிகளுக்கு அஞ்சலி செலுத்த வருகிறவர்கள், ஆணவக்கொலைகளுக்கு எதிராக வெயிலில் நின்று முழக்கமிடுகிறவர்கள். அதனால்தான் அவர்களுக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

நமக்கு நன்கு பழக்கமான ஒரு காகிதத்திலிருந்து தொடங்குவோம். சாதி கடந்து காதலித்த இருவர் ஊரைவிட்டுப் போனால், பெண்ணின் வீட்டார் காவல் நிலையத்தில் "மகளைக் காணவில்லை" என்று புகார் கொடுப்பார்கள். மகள் யாரோடு போனாள், ஏன் போனாள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காகிதம் வேலை செய்யும். போலீஸ் தேடும். நண்பர்களைக் கொண்டுவந்து நிலையத்தில் உட்காரவைக்கும். வயது வந்த ஒரு பெண்ணை "மீட்டு" வந்ததாகச் சொல்லும். தலித் இளைஞரை மணந்த ஒரு பெண் 2014இல் உசிலம்பட்டி பகுதியில் கொல்லப்பட்டார். அவருடைய கணவர் தொடுத்த வழக்கில்தான், சாதி மறுப்பு இணையர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இப்போது 2021க்கு வருவோம். இதே மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் நேசித்தார்கள். வீட்டில் எதிர்ப்பு. சென்னைக்குப் போய்விட்டார்கள். பின்னாலேயே அதே காகிதம் வந்தது: "காணவில்லை." பாதுகாப்புக் கேட்டு இருவரும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த உறவுகளைப் பற்றித் தனக்கு முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 2021 ஜூன் 7 அன்று உத்தரவைப் பிறப்பித்தார். புரியவில்லை என்பது பாகுபாட்டுக்கு நியாயம் ஆகாது என்பதுதான் அந்த உத்தரவின் சாரம். இப்படிப்பட்ட புகார்களில் இருவரும் வயது வந்தவர்கள், விருப்பப்பட்டே சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், தொல்லை தராமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று போலீசுக்குச் சொன்னது. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னது.

இரண்டு வழக்குகளிலும் ஒரே புகார், ஒரே நிலையம், ஒரே "குடும்ப மானம்". இது தற்செயல் இல்லை.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் சாதியின் உயிர்நாடியைத் தொட்டுக் காட்டினார். அகமணமுறைதான் சாதி. யார் யாரை மணப்பது என்பதைக் கட்டுப்படுத்தாமல் சாதி ஒரு தலைமுறைகூடத் தாக்குப்பிடிக்காது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே போகிற யாரையும் அது விட்டுவைக்காது. சாதி மாறி மணப்பவரைப் போலவே, "எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம், நான் நேசிப்பது இவளை" என்று சொல்கிற பெண்ணும் அந்த ஏற்பாட்டை உடைக்கிறாள். அவளைக் கட்டாயக் கல்யாணத்துக்குள் தள்ளுகிற கையும் நம் தம்பிகளை வெட்டுகிற கையும் வேறு வேறு அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. "அவர்கள் பிரச்சினை வேறு, நம் பிரச்சினை வேறு" என்று சொல்லும்போது நம்மவர்களையே வெளியே தள்ளுகிறோம். லிவிங் ஸ்மைல் வித்யா யார்? தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வந்து, பொறியியல் கல்லூரியில் இடம்பிடித்து, திருநர்களுக்குக் கிடைமட்ட இட ஒதுக்கீடு கேட்டுப் போராடிவரும் கிரேஸ் பானு யார்? இருவரும் தலித் திருநங்கைகள். சாதியும் பாலினமும் ஒரே உடம்பில் சேர்ந்தே அடிவாங்கும் என்பதை நமக்குச் சொன்னவர்கள். அந்தந்த சாதிக்கான ஒதுக்கீட்டுக்குள்ளேயே திருநர்களுக்கு ஒரு பங்கு வேண்டும் என்பதுதான் கிடைமட்ட ஒதுக்கீடு. தலித் திருநர் ஒருவர் தன் சாதியையோ பாலினத்தையோ விட்டுக்கொடுக்காமல் உரிமை பெற அதுவே வழி. சமூகநீதி பேசுகிற நாம் அந்தக் கோரிக்கையை நம்முடைய கோரிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் வேறு யார் எடுப்பார்கள்?

உத்தப்புரத்தின் தீண்டாமைச் சுவர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நின்றது. அதைக் கட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். தினமும் பார்த்துப் பழகி, "அந்த ஊர் விவகாரம்" என்று கடந்துபோனவர்கள் ஏராளம். 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அந்தப் பழக்கத்தை ஏற்காதவர்கள் கேள்வி கேட்டதால் நடந்தது அது. அக்கறையின்மை எப்படிச் சுவருக்குக் காவல் நிற்கும் என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்?

எனவே, தோழர்களே, செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. விடுதி அறையில் "ஒம்போது" என்று யாராவது கிண்டலடித்தால் சிரிக்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் எப்படி எழுந்து நிற்போமோ அப்படி நில்லுங்கள். கூட்டத்துக்குப் பேச்சாளர் தேடும்போது ஒரு திருநரை அழையுங்கள். திருநர் விவகாரம் பேச மட்டுமல்ல, நிலவுரிமை பற்றியும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றியும் பேச அழையுங்கள். பால்புதுமையினரையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாதி மறுப்பு இணையர் ஒருவருக்காக இரவு பன்னிரண்டு மணிக்கு வக்கீலைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையப் படியேறுவதற்கு நம்மில் பலர் தயங்கியதில்லை. அடுத்த முறை அந்தக் காகிதத்தில் இரண்டு பெண்களின் பெயர் இருக்கலாம், இரண்டு ஆண்களின் பெயர் இருக்கலாம். அப்போதும் அதே படியில் ஏறுவோம்.