உடம்பே வடிக்கும் மார்ஃபின்

தலைவலியோ பல்வலியோ வந்தால் கடைக்கு ஓடி மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். மருந்துக் கடை நம் தலைக்குள்ளேயே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? விலங்கியல் இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் படிக்கும்வரை நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அபினியிலிருந்து எடுக்கும் மார்ஃபின் வலியை அடக்கும் என்பது பழைய செய்தி. அது போய் ஒட்டிக் கொள்வதற்கென்றே மூளையில் ஏற்பிகள் இருப்பதை 1973-இல் அமெரிக்காவில் கேன்டேஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகியோர் காட்டினார்கள். கசகசாச் செடியின் பாலுக்கு மூளையில் எதற்காகப் பூட்டு? உடம்பே செய்த சாவி ஒன்று இருக்கத்தானே வேண்டும்! ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்சும் அதைத் தேடினார்கள். பன்றி மூளைகளை அரைத்து வடித்து, 1975-இல் கண்டுபிடித்தும் விட்டார்கள். பெயர் என்கெஃபலின். ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த இரண்டு சிறு சரங்கள். முதல் நான்கு மணிகள் இரண்டிலும் ஒன்றே. கடைசி மணி மட்டும் ஒன்றில் மெத்தியோனின், மற்றதில் லியூசின். 31 மணிகள் கொண்ட பீட்டா என்டார்ஃபின் பிறகு வந்தது.

முதுகுத் தண்டில் வலிச் செய்தி ஒரு நரம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கை மாறும் இடத்திலேயே என்கெஃபலின் அதைத் தடுக்கிறது. ஆனால் ஆயுள் குறைவு. நொதிகள் விரைவில் அதைச் சிதைத்து விடும்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் கால்தான் நினைவுக்கு வந்தது. அவர் மண்டியில் மூட்டை தூக்குபவர். நான் ஒன்பதாவது படிக்கையில், சரிந்த நெல் மூட்டை பாதத்தில் விழுந்து விரல் எலும்பு முறிந்தது. துண்டைக் கிழித்துக் கட்டிக் கொண்டு லாரி முழுவதையும் இறக்கி விட்டுத்தான் வந்தார். இரவில் அவர் போட்ட கூச்சலில் தெருவே விழித்துக் கொண்டது. மறுநாள் மேஸ்திரி, “லோடு இறக்கும்போது வலிக்காத கால் வீட்டுக்குப் போனதும் வலிக்குமா? நடிக்கிறான்” என்று சொல்லி விட்டார். வைத்தியச் செலவுக்குக் காலணா வரவில்லை. காசு போனதை விட அந்தச் சொல்தான் அப்பாவை அறுத்தது.

1944-இல், இத்தாலியப் போர்முனையில் கடுங்காயம் பட்ட சிப்பாய்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் கேட்டார். நாலில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். அவர்களை நடிகர்கள் என்று எவரும் சொல்லவில்லை! அவசரத்திலும் அச்சத்திலும் மூளை வலியை அடக்கி வைக்கிறது. அதில் இந்தச் சரங்களுக்கும் பங்கு உண்டு.

விடுமுறையில் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன், பன்றிக் கதை உட்பட. காலை நீட்டிக் கொண்டு கேட்டார்.

“தாளில் எழுதிக் கொடுப்பா. மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியும்” என்றார்.