திருகு இல்லாத டேப்பட்

செங்கம் சாலையில் எமலிங்கத்தைத் தாண்டினால் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. ரமணாசிரமத்துக்கு வருஷா வருஷம் வந்து மாதக்கணக்கில் தங்குகிற வெளிநாட்டுக்காரரின் புல்லட்டும், கேன் கட்டிய பால்காரர் புல்லட்டும் ஒரே ஆயில் கறை மேல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

நான் போனது என் 2012 கிளாசிக் 350-க்காக. இன்ஜினில் ஓயாத டிக் டிக். வேறொரு ஊரில் ஒருவர், "டேப்பட் லூஸு, டைட் வச்சுட்டேன்" என்று முந்நூறு ரூபாய் வாங்கியிருந்தார். வீடு வந்து சேர்வதற்குள் சத்தம் திரும்பிவிட்டது.

"எதை டைட் வச்சாரு?" என்று கேட்டார் இந்தக் கொட்டகை அண்ணன். "இதுல திருகே கிடையாதே சார்."

பதிலுக்குப் பக்கத்து வண்டியைக் காட்டினார். அந்த வெளிநாட்டுக்காரருடைய பழைய காஸ்ட் அயர்ன் புல்லட். 1956-ல் என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் கோக்கத் தொடங்கிய அந்த வம்சம். முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருந்தாராம். இன்ஜின் முழுக்க ஆறினால்தான் டேப்பட்டில் கை வைப்பார். ப்ளக்கைக் கழற்றி, கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்தி, இரண்டு வால்வும் மூடிய நிலைக்குக் கொண்டுவந்தார். வலப்பக்க டேப்பட் கவரைத் திறந்தால் இரண்டு புஷ்ராடுகளின் அடிப்பாகம் தெரிகிறது. ஃபீலர் கேஜ் எதுவும் வேண்டியதில்லை. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் போதும்.

"உருட்டிப் பாருங்க. சுத்தணும். ஆனா மேல கீழ ஆடக் கூடாது."

உருட்டினேன். ஒன்று வழுக்கிக்கொண்டு சுற்றியது, இன்னொன்று பிடித்தது. பிடித்தது எக்ஸாஸ்ட். அதுதான் ஆபத்தாம். சூட்டில் இன்னும் இறுகினால் வால்வு முழுசாக உட்காராது. உட்கார்ந்தால்தான் அதன் சூடு சீட் வழியாக இறங்கும். இல்லாவிட்டால் ஓரம் கருகிவிடும். லாக் நட்டைத் தளர்த்தி, மயிரிழை திருப்பி, மறுபடி இறுக்கினார். இறுக்கும்போதே செட்டிங் நகர்ந்துவிட்டது. மூன்றாவது தடவையில்தான் அவர் முகம் ஒத்துக்கொண்டது.

2009-ல் இங்கே வந்த கிளாசிக் 350-இன் யூசிஇ இன்ஜினிலும் புஷ்ராடு உண்டு. அதன் காலடியில் இருப்பது ஹைட்ராலிக் டேப்பட். டப்பாவிலிருந்து பழசு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நடுவில் ஒரு பிளஞ்சர், அதன் கீழே ஸ்பிரிங், ஒரு குட்டி பால். விரலால் அழுத்தினேன், ஸ்பஞ்சு மாதிரி இறங்கியது. "காத்து இருக்குது." அதை ஆயில் கிண்ணத்தில் முக்கி, மெல்லிய கம்பியால் பாலைத் தள்ளித் தள்ளிப் பிளஞ்சரை அடித்தார். பொடிப்பொடியாகக் குமிழ் வந்தது. குமிழ் நின்றபின் மறுபடி என் கையில். இப்போது என் முழு பலத்துக்கும் அசையவில்லை.

மொத்த சூட்சுமமும் அந்தக் கிண்ணத்தில்தான். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் ஸ்பிரிங் பிளஞ்சரை மேலே தள்ளி இடைவெளியைத் தின்றுவிடும். காலியான இடத்தில் பம்ப் அனுப்பும் ஆயில் நிறையும். கேம் தூக்கும்போது பால் அடைத்துக்கொள்ள, சிக்கிய ஆயில் இரும்புக் கம்பி மாதிரி நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் துளி கசியும், துளி நிறையும். தன் டேப்பட்டை அந்த இன்ஜின் தானே வைத்துக்கொள்கிறது.

ஹைட்ராலிக் என்றாலே திருகு இருக்காது என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் பழைய செவ்ரோலே வி8 இன்ஜின்களில் ராக்கர் நட் உண்டு. அங்கேயும் புஷ்ராடை விரலால் உருட்டித்தான் ஆட்டம் நின்ற இடத்தைப் பிடிப்பார்கள். ஆனால் அங்கே நிறுத்தாமல், அரைச் சுற்றோ ஒரு சுற்றோ கூடுதலாக இறுக்கி, பிளஞ்சரைக் கொஞ்சம் அமுக்கி வைப்பார்கள். பழைய புல்லட் பழக்கத்தில் ஆட்டம் நின்றதும் கையை எடுத்துவிட்டால் அங்கே வேலை பாதிதான்.

என் வண்டிக்கு வந்தார். சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி, ஆயில் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். ஆயில் கண்ணுக்கே தெரியவில்லை. ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். நுரைதான் டேப்பட்டுக்குப் போகும். அந்த ஸ்பஞ்சுதான் இத்தனை நாளாக டிக் டிக் என்றிருக்கிறது. பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, 15டபிள்யூ50 ஊற்றி ஸ்டார்ட் செய்தார். சத்தம் அப்படியே இருந்தது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் டீ சொல்லியனுப்பினார். டீ வருவதற்குள் சத்தம் தேய்ந்து, டப் டப் மட்டும் மிஞ்சியது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் சில நொடி தட்டினால் கண்டுகொள்ள வேண்டாம், சூடான பிறகும் தட்டினால் வாங்க என்றார்.

ஆயில், ஃபில்டர் காசோடு லேபர் நூறு.

"டேப்பட் பார்த்ததுக்கு?"

"திறக்கவே இல்லையே சார்." கொஞ்சம் கழித்து அவரே சொன்னார்: "கவரைத் திறந்து மூடுனா முந்நூறு குடுப்பாங்க. காதால கேட்டதுக்கு யாரு குடுக்குறா?" எனக்குச் சுருக்கென்றது. கொடுத்தவனே நான்தானே.

அதற்குள் பழைய புல்லட்டின் வெளிநாட்டுக்காரர் வந்துவிட்டார். கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டு, ஓங்கி ஓர் உதை. உதைத்த காலை அவர் எடுப்பதற்குள், அண்ணன் இன்ஜின் பக்கம் குனிந்து காதைக் கொடுத்திருந்தார்.